சேது வழிச் சத்திரங்கள்

காசியிலிருந்து கங்கை நீரைச் செம்பில் அடைத்துக் கொண்டுவந்து இராமேசுவரத்தில் இராமநாதருக்கு அபிஷேகம் செய்வித்து, அங்கிருந்து சேதுவின் மணலைத் துணியில் முடிந்து எடுத்துப்போய்ப் பிரயாகையில் கரைத்தாலன்றி ஒருவனுடைய யாத்திரை பூர்த்தியாவதில்லை என்னும் நம்பிக்கை பாரத தேசத்தாரிடம் வேரூன்றியிருந்த காலத்தில், வடக்கே பிறந்து தெற்கின் முகமே அறியாத ஆயிரக்கணக்கான மக்கள் ஆண்டுதோறும் சோழநாட்டு வயல்வரப்புகளின் ஊடே நடந்து போனார்கள். ரெயில் இல்லை, பாலங்கள் சொற்பம், வழியில் கேட்கும் பாஷை புரியாது, புறப்பட்டவன் திரும்பிவருவான் என்று வீட்டாரும் நிச்சயமாக எண்ணியிருக்கவில்லை. பைராகிகளும், கோசாயிகளும், ஜங்கமர்களும், பக்கீர்களும், கைக்குழந்தையோடு வந்த குடும்பஸ்தர்களும், வழியிலேயே கணவனை இழந்த கைம்பெண்களும் கலந்து சென்ற அந்த ஜனத்திரளில், நேற்று ஓர் ஊரில் தங்கியவனை அவ்வூரார் மறுபடி கண்டதென்பது அபூர்வம்.

உறவினனுக்குச் சோறிடுவதிலும் ஊரானுக்கு உதவுவதிலும் கைம்மாறு என்கிற எண்ணம் மனத்தின் மூலையில் எங்கேனும் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்று நான் அவனுக்குச் செய்தால் நாளை அவன் என் பிள்ளைக்குச் செய்வான் என்ற கணக்கு குற்றமானதன்று. சமூகங்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கின்மேல்தான் நிற்கின்றன. ஆனால் மொழி தெரியாத, குலம் தெரியாத, இனி ஒருபோதும் கண்ணில் படப்போகாத ஒருவனுக்கு மனிதன் என்ன கடன்பட்டிருக்கிறான் என்ற கேள்வி எழும்போது அந்தக் கணக்கு நின்றுபோகிறது. சேதுவுக்குப் போகும் வழியில் வாழ்ந்தவர்கள் இக்கேள்வியைச் சாஸ்திர விசாரமாக அல்லாமல், அன்றாடம் பொழுது சாய்ந்ததும் திண்ணையில் வந்து உட்காரும் ஆள் வடிவிலே சந்தித்தார்கள்.

1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் அதற்குச் சொன்ன விடைதான், தஞ்சையிலிருந்து சேதுவரை செல்லும் பெருவழியில் இடையிடையே அவர்கள் நிறுவிய சத்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் கிராமங்கள் மானியமாக விடப்பட்டன. அவற்றில் விளையும் நெல்லே அடுப்பை எரிய வைத்தது. பெரும்பாலான சத்திரங்களுக்கு அரசகுலத்துப் பெண்மணிகளின் பெயர்களே வழங்கின. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம். இந்த முக்தாம்பாள் பட்டத்து ராணியல்லள், இரண்டாம் சரபோஜியின் அபிமான ஸ்திரீ. தன் பெயரால் ஒரு சத்திரம் விளங்கவேண்டுமென்று அவள் உயிர் பிரியும் தறுவாயில் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். மன்னர் 1802-இல் அதை நிறைவேற்றினார். அரண்மனையின் முறைகளில் முதலிடம் பெற இயலாத ஒருத்தியின் பெயர், பசித்தவர்களின் வாயில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்திருந்தது என்பதை நினைக்கும்போது, ராணிகளுக்குக் கிடைத்ததைவிட அவளுக்குக் கிடைத்தது குறைவென்று சொல்லத் தோன்றவில்லை.

இச்சத்திரங்களின் அன்றாட நடைமுறையை நாம் இன்று அறிய முடிவதற்குக் காரணம் ஒரு துர்ப்பாக்கியம். 1799-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி சரபோஜி தம் ராஜ்யத்தின் பரிபாலனம் முழுவதையும் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் ஒப்புவித்துவிட்டு, கோட்டையையும், ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் வராகனையும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கையும் தமக்கென்று பெற்றுக்கொண்டு அமர்ந்தார். சேனையும் வரியும் நீதியும் கைவிட்டுப் போன பிறகு, அவர் விட்டுக்கொடுக்க மனமின்றி மன்றாடியது சத்திரங்களுக்காக. 1801-ஆம் ஆண்டு ஜனவரியில் ரெசிடெண்டு பெஞ்சமின் டோரினுக்கு அவர் அனுப்பிய கடிதம், தஞ்சை நாட்டுக்குத் தர்மராஜ்யம் என்று உலகத்தார் வழங்கும் பெயரைத் தம் அந்தஸ்தில் மிச்சமிருக்கும் மேலான கௌரவமாகத் தாம் மதிப்பதாகச் சொல்லி, சத்திரங்களையும் அவற்றின் கிராமங்களையும் தம் பொறுப்பிலேயே விட்டுவைக்குமாறு வேண்டுகிறது. வேண்டுகோள் விடுப்பவன் தான் காப்பாற்ற விரும்பும் பொருளை விவரித்துத்தானே ஆகவேண்டும்? அப்படி விவரிக்கப் புகுந்ததனால், வேறெந்தச் சாசனத்திலும் காணக் கிடைக்காத நுணுக்கங்கள் அக்கடிதத்தில் பதிந்துபோயின.

பிராமணன் முதல் பறையன் வரையில், ஜோகி, ஜங்கமன், பக்கீர் என்ற வேற்றுமையின்றி, வருகிற வழிப்போக்கர் அனைவருக்கும் அன்னம் இடப்பட்டது என்கிறது கடிதம். பிறர் சமைத்ததை உண்ணலாகாத நியமம் உடையவர்களுக்கு அரிசியும் மிளகு முதலிய சாமான்களும் அளக்கப்பட்டன. வேதம் சொல்லித்தர ஆசிரியர்களும், எழுத்துக் கற்பிக்க உபாத்தியாயரும், நோய்க்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் வைத்தியம் செய்ய வல்லவர்களும் சத்திரத்திலேயே இருந்தார்கள். வந்த இடத்தில் பெற்றோரை இழந்து நிற்கும் பரதேசிக் குழந்தைகள் உபாத்தியாயரிடம் ஒப்புவிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு நாளுக்கு மூன்று வேளை உணவு, நாலு நாளைக்கு ஒரு முறை எண்ணெய் ஸ்நானம், வேண்டும்போது மருந்து, உடுக்கத் துணி, அவரவர் விரும்பிய வித்தையில் பயிற்சி. படித்துத் தேறிய பின் கலியாணச் செலவும் சத்திரத்தைச் சேர்ந்ததே. நோயில் விழுந்த யாத்திரிகர்களுக்குப் பத்திய உணவும் மருந்தும் கொடுத்து, எழுந்து நடக்கும்வரை மரியாதை குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். கர்ப்பிணிகளைத் தனிப் பரிவோடு நடத்தி, அங்கேயே பிரசவமானால் அதற்கான செலவையும் மருந்தையும் ஏற்று, மூன்று மாதம் தங்கியிருக்க இடமளித்தார்கள். இறந்தவர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படி ஈமக்கடன் செய்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை நிறுத்துவது வேறொரு சிறிய ஏற்பாடு. அன்னம் படைப்பது நடுநிசிவரை நடக்கும். அதன்பின் ஒரு மணியை அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாரேனும் இருந்தால் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று உரத்துக் கூவுவார்கள். மானியத்தின் ஷரத்துகள் அதற்கு முன்பே நிறைவேறியிருக்கும். வந்து கேட்டவருக்கெல்லாம் இலை போட்டாயிற்று. மணியக்காரர் கணக்கை முடித்துக்கொண்டு படுத்தால் ஒருவரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனாலும், மரத்தடியில் கூசிக்கொண்டு ஒதுங்கியிருப்பவன், காய்ச்சலில் எழ மாட்டாமல் கிடப்பவன், இருட்டியபின் வந்து சேர்ந்து கதவு சாத்தியிருக்குமோ என்று தயங்குபவன் ஆகியோர் இருக்கக்கூடும் என்று எவரோ ஒருவர் ஆதியில் யோசித்திருக்கிறார். பசித்தவன் தேடிவர வேண்டும் என்பது பொதுவான தர்மம். பசித்தவனைத் தேடவேண்டிய கடமை இட்டவனுக்கே உரியது என்பது அந்த மணி நிலைநாட்டிய தர்மம். இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. அன்னதானம் செய்த அரசர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. கேட்க வெட்கப்படுகிறவனுடைய மனத்தை நினைத்துப் பார்த்தவர்கள் சிலரே.

இது மராட்டியர்கள் புதிதாகக் கொண்டுவந்த பண்பென்று கருதிவிடவும் கூடாது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பதினைந்து படுக்கைகளோடு நடந்த ஆதுலர்சாலையைப் பற்றிப் பேசுகிறது. வைத்தியர் ஒருவர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர், மூலிகை பறித்து வருவோர், மருந்து கொடுத்து உபசரிக்கும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் நெல் வரையறுக்கப்பட்டிருப்பதோடு, நோயாளிகள் படுத்திருக்கும் இடத்தில் இரவு முழுதும் எரிய ஒரு விளக்குக்கு எண்ணெயும் அதில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நாயக்கர் காலத்தில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளும் கட்டிய சத்திரங்களும் ஜனங்களின் நினைவில் இன்றும் அழியவில்லை.

அரசர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், தர்மம் என்பது பொக்கிஷம் உடையவர்களின் காரியம் என்ற எண்ணம் வந்துவிடும். மானியம் விட ஒரு குழி நிலமும் இல்லாத குடியானவன் செய்த தர்மம் ஒன்றுண்டு: சுமைதாங்கிக் கல். இரண்டு கருங்கற்பலகைகளைத் தரையில் நட்டு, ஒரு பலகையை அவற்றின்மேல் குறுக்கே கிடத்தினால் வேலை முடிந்தது. உயரம் மாத்திரம் முக்கியம்; நிற்கிற மனிதன் முழங்காலை மடக்காமல், தலையிலிருக்கும் மூட்டையை அப்படியே நகர்த்தி வைக்கத்தக்க உயரம் அது. தலைச்சுமைக்காரனுடைய கஷ்டம் சுமை தூக்காதவர்களுக்கு எளிதில் விளங்காது. பாரத்தைக் கீழே போடுவது சுலபம். இறக்கிவைத்த பாரத்தை மறுபடி தலைக்கேற்ற இரண்டாவது ஆள் வேண்டும். ஆளரவமற்ற வழியில் அந்த இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? ஆகையால் கழுத்து இற்றுப்போகிற நிலையிலும் அவன் நடந்துகொண்டே இருப்பான். அங்கே இல்லாமற்போன அந்த இன்னொரு மனிதனுடைய வேலையைத்தான் கல் செய்தது.

இக்கற்களில் பல, வயிற்றுப் பிள்ளையோடு மாண்டுபோன பெண்களின் நினைவாக நிறுத்தப்பட்டவை. இறக்க முடியாத சுமையோடு போன அவளுடைய ஆத்மா, வழியிலே போகிறவர்கள் தங்கள் சுமையை இறக்கி ஆறும்போதெல்லாம் சிறிது ஆறுதல் அடையும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. சில கற்களில் அவள் பெயரும், வைத்தவன் பெயரும், ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். பலவற்றில் ஒன்றும் இராது. துக்கத்தை வெளியிட மனிதர்கள் கண்டுபிடித்திருக்கும் முறைகள் அநேகம். கல்லறையும் கோபுரமும் கட்டினவர்கள் தங்கள் துயரத்தைப் பிறர் பார்க்கவேண்டுமென்று கட்டினார்கள். மனைவியைப் பறிகொடுத்த ஓர் ஏழை உழவன், தன் துயரத்தைப் பிறர் பயன்படுத்திக்கொள்ளும்படியாக வழியோரத்தில் நிறுத்திவிட்டுப் போனான் என்பது என் அபிப்பிராயத்தில் அவற்றையெல்லாம்விட உயர்ந்தது.

யாழ்ப்பாணத்தாரும் இதே வழக்கத்தை உடையவர்கள். அங்கே சுமைதாங்கியோடு கேணியும், மாடுகள் தினவு தீர உடலை உரைத்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும், தங்குவதற்கு மடமும் சேர்ந்தே அமையும். பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடம் தெருவுக்குக் குறுக்கே கூரை போட்டுக் கட்டப்பட்டது, வழி அதன் உள்ளே புகுந்து செல்கிறது, இருமருங்கும் திண்ணைகள். மடத்தைத் தேடி வழிப்போக்கன் ஒதுங்கவேண்டிய அவசியமே இல்லை.

இவ்வளவு சொன்னபின் மறைக்கக் கூடாத ஒன்றையும் சொல்லவேண்டும். பிராமணன் முதல் பறையன் வரை எல்லோருக்கும் சோறு என்று சரபோஜியின் கடிதம் பெருமையோடு கூறுகிறது. எல்லோரும் ஒரே பந்தியில் என்று கூறவில்லை. அந்தக் காலத்துச் சத்திரங்களில் இடம் வேறு, இலை வேறு, முறை வேறு. பின்னாளில் தனவந்தர்கள் ஏற்படுத்திய சத்திரங்கள் பல, இன்ன சாதியாருக்கு மட்டும் என்றே எழுதிவைக்கப்பட்டன. வந்தவன் யாராயிருந்தாலும் அவன் வயிறு தன் பொறுப்பு என்று ஒப்புக்கொண்ட அதே மனம், அவன் உட்காரும் இடத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் சுருங்கிக்கொண்டது. பசியைப் பொதுவென்று கொள்வது எளிது, ஏனெனில் அதை அவன் கொண்டுவருகிறான்; பந்தியைப் பொதுவாக்குவது கடினம், ஏனெனில் அதில் நாம் எதையோ விடவேண்டியிருக்கிறது.

இது எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்குச் சேரன்மாதேவி ஒரு சாட்சி. தேசபக்தியில் ஒருவருக்கும் பின்வாங்காத வ.வே.சு. ஐயர் அங்கே 1920-களில் நடத்திய குருகுலத்தில், இரண்டு பிராமணச் சிறுவர்கள் பெற்றோர் விருப்பப்படி தனியே உண்ண இடம் கொடுக்கப்பட்டது. அவ்வளவுதான் விஷயம். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் அதைக் கண்டித்தார்கள்; மாகாண அரசியலின் போக்கே அதனால் திசைமாறியது. இரண்டு இலைகளுக்காக இத்தனை கலவரமா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. அந்த இரண்டு இலைகளில்தான் முழுக் கேள்வியும் அடங்கியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1925-இல் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்து ஐயரும் உயிர் நீத்தார். அத்தகைய மனிதருக்கும் இந்த முடிச்சை அவிழ்க்க இயலவில்லை. ரெயில்வே நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணர்க்கென்று தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941 வரை நீடித்தது.

பந்தியைப் பற்றிய இக்கேள்விக்கு, அதற்கும் வெகுகாலம் முன்பே, அரசபதவியும் அரசியலும் இல்லாத ஒருவர் வடலூரில் விடை சொல்லிவிட்டார். 1860-களின் இடையில் பஞ்சம் தென்னாட்டை வாட்டிக்கொண்டிருந்தபோது, பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் எழுதிக் கொடுக்க, இராமலிங்க சுவாமிகள் 1867 மே 23-ஆம் தேதி சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். இருபத்தொரு அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ள அதன் அடுப்பில் அன்று மூட்டிய நெருப்பு இன்றுவரை அணைக்கப்பட்டதில்லை. சாதி, மதம், தேசம், ஆசாரம் எதுவும் கேட்கலாகாது. பசி என்ற ஒரே தகுதி போதும். வேதம் சொல்லத் தனி ஆள், ஈமக்கடனுக்குத் தனி வழக்கம் என்ற பாகுபாடுகள் அங்கே புக வழியில்லை. சாப்பிடுகிறவன் யார் என்ற கேள்வியையே அவர் அடுப்பங்கரையிலிருந்து அகற்றிவிட்டார்.

சென்னை நகரத்திலும் இதற்கு முன்னோடியாக ஒன்று நிகழ்ந்திருந்தது. ஹைதர் அலியின் படையெடுப்பால் கிராமங்கள் பாழாகி அகதிகள் கூட்டங்கூட்டமாகப் பட்டணத்துக்குள் வந்தபோது, 1782-இல் அவர்களுக்குக் கஞ்சி வார்க்க ஏற்பட்ட மணியக்காரர் சத்திரம், நோயாளிகளையும் ஏற்று வைத்தியசாலையாக வளர்ந்து, காலக்கிரமத்தில் ஸ்டான்லி மருத்துவமனையாயிற்று. கவர்னரின் பெயரைப் பலகையில் எழுதிய பின்னும் வடசென்னைவாசிகள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே வெகுகாலம் அழைத்துவந்தார்கள்.

சேது வழிச் சத்திரங்களின் பிற்காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1855-இல் தஞ்சையின் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றிக் காலமானதும் தஞ்சை சமஸ்தானம் மறைந்தது. 1871-க்குப் பிறகு சத்திரங்களின் சொத்துக்கள் ஜில்லா போர்டார் வசம் வந்தன. இதற்கிடையில் 1860-களின் தொடக்கத்திலேயே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கும் திருச்சிக்கும் ரெயில் ஓடத் தொடங்கிவிட்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், மாதக்கணக்கில் நடந்த வழியை யாத்திரிகன் ஓரிரு நாளில் உட்கார்ந்தபடியே கடந்தான். வழியே வெறிச்சோடிவிட்டால் வழிப்போக்கனுக்குச் சமைத்து என்ன பயன்? உழைக்கச் சக்தியுள்ள சோம்பேறிகள் சத்திரத்துச் சோற்றில் உடல் வளர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது; அது முற்றிலும் பொய்யென்று வாதிக்க நான் முற்படவில்லை. கேட்டவனுக்கெல்லாம் இடுகிற இடத்தில் அயோக்கியனும் உண்பான். அவனை விலக்குவதற்காகத் தகுதி பார்க்க ஆரம்பித்தால் மரத்தடியில் கூசி ஒதுங்கினவனே முதலில் விலகிப்போவான் என்பதைத்தான் அந்தப் பழைய ஏற்பாட்டைச் செய்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

சத்திரங்களின் வருமானம் படிப்படியாகக் கல்விக்குத் திருப்பப்பட்டது. 1881-இல் திருவையாற்றில் தொடங்கிய சம்ஸ்கிருதப் பாடசாலை, பிற்காலத்தில் தமிழ் வித்துவான்களை உருவாக்கிய அரசர் கல்லூரியாக மலர்ந்தது, இந்தப் பணத்தில்தான். இதனை நோக்கப் பிசகு என்று சிலர் வருந்துவார்கள். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. நாலு நாளைக்கொரு முறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிப் பரதேசிக் குழந்தைகளை எழுத வைத்த இடந்தானே அது? ஒரத்தநாட்டுச் சத்திரத்திலேயே சரபோஜி ஒரு வித்தியாசாலை அமைத்து, தமிழோடு மராட்டி, தெலுங்கு, வடமொழி, பாரசீகம், இங்கிலீஷ் எனப் பல பாஷைகளைக் கற்பிக்கச் செய்தார். பின்னாளில் அக்கட்டடமே மாணவர் விடுதியாயிற்று; சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து படிக்க வந்த பையன்கள் அங்கே தங்கினார்கள்; பந்தி அவர்களுக்கு ஒன்றே.